நியூட்ரினோவை அளந்த கிளைட் கோவன்

கிளைட் லொரெய்ன் கோவன் என்னும் பெயர் நோபெல் பரிசு பெற்றோர் வரிசையில் இல்லை. ஆயினும் நியூட்ரினோ என்னும் நுண்துகளைப் பற்றிப் பேசும் பௌதிக நூல் எதைப் புரட்டினாலும், பிரெடெரிக் ரெயின்ஸ் என்பவரின் பெயரோடு ஒட்டிப் பிறந்த இரட்டையைப் போல் இவர் பெயரும் வந்து நிற்கும். இருவரும் சேர்ந்து 1956-இல் செய்த கண்டுபிடிப்புக்குப் பரிசு வந்தது 1995-இல். அப்பொழுது கோவன் காலமாகி இருபத்தொரு ஆண்டுகள் கடந்திருந்தன. மறைந்தவர்க்கு அப்பரிசு வழங்கப்படுவதில்லை. பரிசு பெற்ற பெருமக்களின் வரலாறுகளை நாம் நிறையப் படித்துவிட்டோம். இவ்வாண்டு பரிசு பெறாத ஒருவரின் வரலாற்றைக் காண்போம்.

அமெரிக்க நாட்டின் டெட்ராய்ட் நகரில் 1919-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 6-ஆம் நாள் கோவன் பிறந்தார். நான்கு மக்களுள் இவரே மூத்தவர். பின்னர்க் குடும்பம் மிசௌரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸ் நகரில் குடியேறியது. ரோலா என்னும் ஊரில் இருந்த சுரங்க, உலோகவியல் கல்லூரியில் வேதிப் பொறியியல் பயின்று 1940-இல் பட்டம் பெற்றார். அங்கு மாணவராய் இருக்கையில் கல்லூரிச் செய்தித்தாளின் ஆசிரியராகவும் பணியாற்றினார் என்பதை அறியும்போது, இம்மலருக்காகக் கட்டுரைகளைத் திரட்டி அலையும் நமக்கு அவர்மேல் தனிப் பற்று உண்டாகிறது!

இரண்டாம் உலகப் போர் அவரை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றது. விமானப் படையில் பணிபுரிந்தார். 1943-இல் ஆங்கிலப் பெண்மணி ஒருவரை மணந்தார். 1944-இல் கிரேட் மால்வெர்ன் என்னும் ஊரில் ராடார்க் கருவிகளை ஆராயும் நிலையத்தில் அமர்த்தப்பட்டார். மிகச் சிறிய மின் துடிப்புகளை இரைச்சலினின்று பிரித்தறியும் வித்தைதான் ராடாரின் உயிர். வேதிப் பொறியியல் படித்தவர் மின்னணுக் கருவிகளில் கை தேர்ந்தது இக்காலத்தில்தான் என்று நாம் எண்ண இடமுண்டு. போர் முடிந்தபின் வீரர்களுக்கு அரசு அளித்த கல்வி உதவியைக் கொண்டு செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக் கழகத்தில் மேற்படிப்புப் படித்து, 1949-இல் டாக்டர் பட்டம் பெற்றார். உடனே நியூ மெக்சிகோ மாநிலத்து லாஸ் அலமோஸ் ஆய்வுக் கூடத்தில் சேர்ந்தார். அணுகுண்டு பிறந்த இடம் அது. அங்கேதான் ரெயின்ஸின் நட்பு கிடைத்தது.

நட்பின் கதைக்குப் போகுமுன், நியூட்ரினோ என்ற எண்ணம் எப்படிப் பிறந்தது என்று சிறிது பார்த்துக்கொள்ள வேண்டும்.

சில அணுக்கருக்கள் தாமே சிதைந்து எலெக்ட்ரானை வெளிவிடுகின்றன. இதைப் பீட்டாச் சிதைவு என்பர். சிதைவுக்கு முன் இருந்த ஆற்றலையும் பின்னர் இருந்த ஆற்றலையும் கணக்கிட்டால், இரண்டும் ஒத்து வரவேண்டும். ஆனால் வரவில்லை. படி கணக்காய் அளந்து போட்ட அரிசி, திரும்ப அளக்கையில் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு அளவில் குறைந்தால் வீட்டில் என்ன நினைப்போம்? யாரோ எடுக்கிறார்கள் என்போம். நீல்ஸ் போர் போன்ற மாமேதையே, ஆற்றல் அழியாமை விதி அணுக்கருவுக்குள் செல்லாதோ என்று ஐயுற்றார். 1930 டிசம்பரில் உல்ஃப்காங் பௌலி, கண்ணுக்கும் கருவிக்கும் படாத மின்னூட்டமற்ற துகள் ஒன்று அந்த ஆற்றலை எடுத்துச் செல்கிறது என்று ஒரு கடிதத்தில் எழுதினார். இத்தாலியரான என்ரிக்கோ ஃபெர்மி அதனை முழுக் கொள்கையாய் வகுத்து, நியூட்ரினோ என்ற பெயரை நிலைநிறுத்தினார்.

பெயர் வந்துவிட்டது, ஆளைத்தான் காணோம்! 1934-இல் பெதே, பையர்ல்ஸ் என்னும் இருவர், இத்துகள் ஓர் அணுக்கருவில் மோதுவதற்கு உள்ள வாய்ப்பைக் கணக்கிட்டனர். ஒளியாண்டுக் கணக்கான தடிப்புள்ள பொருளையும் அது தடையின்றித் துளைத்துச் செல்லும் என்று தெரிந்தது. ஆகவே இதனைக் காணவே இயலாது என்று முடிவு கட்டினர். கதிரவனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் மட்டுமே நம் கட்டைவிரல் நகத்தின் அளவுள்ள இடத்தில் நொடிக்குச் சுமார் 6,000 கோடி பாய்கின்றன. இக்கட்டுரையைப் படிக்கும் நமக்கு ஏதேனும் தெரிகிறதா?

1951-இல் கோவனும் ரெயின்ஸும் வேறு ஒரு வேலையாக விமானத்தில் சென்றபோது, இயந்திரக் கோளாற்றினால் விமானம் கான்சாஸ் சிட்டியில் இறக்கப்பட்டது. வேலையின்றி நிலையத்தில் உலாவிய இருவரும், பௌதிகத்தில் மிகக் கடினமான சோதனை எதுவோ அதைச் செய்யலாமே என்று பேசினர். நியூட்ரினோவைப் பிடிப்பது என்று முடிவாயிற்று. கண்ணுக்குப் புலப்படாமல் வீட்டில் ஓசை மட்டும் எழுப்பும் பேய்க்கு ஜெர்மன் மொழியில் வழங்கும் போல்டர்கைஸ்ட் என்ற பெயரையே தங்கள் திட்டத்துக்குச் சூட்டிக்கொண்டனர்.

முதலில் அவர்கள் வகுத்த வழி நம்மைத் திகைக்க வைக்கிறது. அணுகுண்டு வெடிக்கும் கணத்தில் நியூட்ரினோக்கள் வெள்ளமாய்ப் பெருகும். ஆகவே குண்டுக் கோபுரத்திலிருந்து சுமார் 40 மீட்டர் தொலைவில் ஓர் ஆழ்குழி தோண்டுவது. அதில் காற்றை வெளியேற்றுவது. குண்டு வெடிக்கும் அதே நொடியில் கருவியைக் குழிக்குள் கீழே விழ விடுவது. நில அதிர்ச்சி கடந்து செல்லும் நேரத்தில் கருவி எதனையும் தொடாமல் அந்தரத்தில் விழுந்துகொண்டிருக்குமாதலின் அதற்குச் சேதமில்லை. அடியில் இறகும் ரப்பர் நுரையும் மெத்தையாய் இருக்கும். கதிரியக்கம் தணிந்ததும் சில நாட்கள் கழித்துத் தோண்டி எடுத்துக்கொள்ளலாம்! ஆய்வுக் கூடத் தலைமை இதற்கு ஒப்புதலும் அளித்துவிட்டது.

நல்லவேளையாக 1952-இன் இறுதியில் பௌதிகப் பிரிவுத் தலைவர் கெலாக், குண்டுக்குப் பதிலாக அணு உலையைப் பயன்படுத்த இயலாதா என்று மீண்டும் சிந்திக்கச் சொன்னார். அணு உலையிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் குண்டினின்று வருவனவற்றைவிட மிகக் குறைவு. ஆனால் உலை நாள்தோறும் எரியும். சோதனையை எத்தனை முறையும் திருப்பிச் செய்யலாம். குறைந்த எண்ணிக்கையிலும் உண்மையானதைப் பிரித்தறிய வழி வேண்டும். அந்த வழி இருவருக்கும் புலப்பட்டது. கோவனின் புகழ் நிற்பது இதன்மேல்தான். ஆதலின் சற்று நின்று பார்ப்போம்.

அணு உலையிலிருந்து வருவது, சரியாகச் சொன்னால், எதிர் நியூட்ரினோ. அது ஹைட்ரஜனின் அணுக்கருவாகிய புரோட்டானில் மோதினால், புரோட்டான் நியூட்ரானாக மாறுகிறது. கூடவே ஒரு பாசிட்ரான் பிறக்கிறது. பாசிட்ரான் உடனே ஓர் எலெக்ட்ரானோடு சேர்ந்து அழிய, இரண்டு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசையில் பாய்கின்றன. இது முதல் மினுக்கு. நியூட்ரானோ தடுமாறித் தடுமாறி வேகம் இழந்து, நீரில் கரைத்திருக்கும் காட்மியத்தின் அணுக்கரு ஒன்றில் அகப்படுகிறது. காட்மியம் நியூட்ரானை விழுங்குவதில் பெரும் பசியுடையது. விழுங்கியதும் அதுவும் காமாக் கதிர்களை வெளிவிடுகிறது. இது இரண்டாவது மினுக்கு. இரண்டுக்கும் இடையே நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு சில பங்கு நேரம் மட்டுமே. கதவை ஒருமுறை தட்டுபவர் எவராகவும் இருக்கலாம். குறித்த இடைவெளி விட்டு இருமுறை தட்டினால் அது நம் வீட்டார் என்று அறிவோமன்றோ? நியூட்ரினோவும் அவ்வாறு இருமுறை தட்டுகிறது.

1953-இல் வாஷிங்டன் மாநிலத்து ஹான்ஃபோர்டு அணு உலையருகே முதல் முயற்சி நடந்தது. கதிர் பட்டால் மினுங்கும் ஒருவகைத் திரவம் 300 லிட்டர். அதனைச் சுற்றி மெல்லிய ஒளியையும் மின் துடிப்பாக மாற்றும் 90 ஒளிப்பெருக்கிக் குழாய்கள். ஈயக் கட்டிகளை டன் கணக்கில் அடுக்குவதும், பிரிப்பதும், வேறு விதமாக அடுக்குவதுமாய் இரவு பகல் உழைத்தனர். உலை எரிந்தாலும் அணைந்தாலும் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஐந்து பொய்த் துடிப்புகள் வந்தவண்ணம் இருந்தன; நியூட்ரினோவுக்கு உரியது என்று சொல்லத்தக்கது நிமிடத்துக்கு அரையும் இல்லை. விண்ணிலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்களே அந்தப் பொய்த் துடிப்புகளுக்குக் காரணம் என்று பின்னர்க் கண்டனர். அவற்றுக்குத் தப்ப வேண்டுமானால் நிலத்தடிக்குச் செல்ல வேண்டும். (1965-இல் காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களை, தமிழர் பலர் உழைத்த நம் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் கண்டதும் இக்காரணம் பற்றியே. அதே ஆண்டில் ரெயின்ஸும் அவர் குழுவினரும் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில் அவற்றைக் கண்டனர்.)

இடையில் ஒரு வேடிக்கையும் உண்டு. இத்தகைய பெரிய கருவியின் நடுவே ஓர் ஆளை மடங்கி உட்காரச் செய்தால், மனித உடலிலுள்ள பொட்டாசியத்தின் இயற்கைக் கதிரியக்கத்தையே அளக்க முடிந்தது! நியூட்ரினோவுக்கு விரித்த வலையில் மனிதர் அகப்பட்டது இப்படித்தான்.

இரண்டாம் முயற்சி 1955-இன் பிற்பகுதியில் தென் கரோலினா மாநிலத்துச் சவானா ரிவர் அணு உலையில் தொடங்கியது. உலையின் மையத்திலிருந்து 11 மீட்டர் தொலைவில், தரைக்குக் கீழே 12 மீட்டர் ஆழத்தில் இடம் கிடைத்தது. புதுக் கருவியை அடுக்கு ரொட்டிக்கு ஒப்பிடலாம். ஒவ்வொன்றும் 1,400 லிட்டர் மினுக்குத் திரவம் கொண்ட மூன்று பெரிய தொட்டிகள்; அவற்றின் இடையே ஒவ்வொன்றும் 200 லிட்டர் நீர் கொண்ட இரண்டு தட்டையான தொட்டிகள். நீரில் சுமார் 40 கிலோ காட்மியம் குளோரைடு கரைக்கப்பட்டது. மினுக்குத் தொட்டி ஒவ்வொன்றையும் 110 ஒளிப்பெருக்கிக் குழாய்கள் நோக்கியிருந்தன. நீரில் பிறக்கும் இரு காமாக் கதிர்களுள் ஒன்று மேல் தொட்டியையும் மற்றது கீழ்த் தொட்டியையும் ஒரே சமயத்தில் மினுக்கும். அத்துடிப்புகள் ஆசிலாஸ்கோப் திரையில் எழுதும் கோடுகளைப் புகைப்படம் எடுத்து ஒவ்வொன்றாய்ச் சரிபார்த்தனர். ஹாரிசன், க்ரூஸ், மெக்குவயர் ஆகிய மூவரும் இப்பணியில் உடனிருந்தனர்.

அவ்விடத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் வழியே ஒவ்வொரு நொடியும் 12 இலட்சம் கோடி எதிர் நியூட்ரினோக்கள் பாய்ந்தன. அகப்பட்டவை எத்தனை? மணிக்கு ஏறக்குறைய மூன்று! பேராசை கொண்டவர்க்கு ஏற்ற தொழிலன்று இது.

மூன்று கிடைத்ததென்று அவர்கள் உடனே பறைசாற்றிவிடவில்லை. நம் உள்ளத்தைக் கவர்ந்தது இப்பகுதிதான். வந்தது நியூட்ரினோதானா, அல்லது நியூட்ரினோ வேடமிட்ட வேறொன்றா என்று ஒவ்வொரு வகையிலும் சோதித்தனர். உலை எரியும்போதும் அணைந்திருக்கும்போதும் ஆக 1,371 மணி நேரம் அளந்தனர். உலை அணைந்தால் அந்த மூன்றும் மறைந்தன. காட்மியத்தின் அளவை மாற்றினர். இரண்டாவது மினுக்கின் நேர இடைவெளி அதற்கேற்ப மாறியது. நீரின் ஒரு பகுதியை நீக்கிக் கனநீர் சேர்த்து, இலக்காகும் புரோட்டான்களைக் குறைத்தனர், எண்ணிக்கையும் குறைந்தது. உலையிலிருந்து கசியும் நியூட்ரான்கள் ஏமாற்றுகின்றனவோ என்ற ஐயம் எஞ்சியது. அதற்கு அவர்கள் நாடியது மரத்தூளை! அருகிலிருந்த மர அறுவை ஆலையிலிருந்து தூளை வாங்கி, நீரில் நனைத்து, மூட்டை மூட்டையாகக் கருவியைச் சுற்றி அடுக்கினர். நியூட்ரான்களை ஈரத்தூள் தடுக்கும், நியூட்ரினோவைத் தடுக்காது. மணிக்கு மூன்று என்பது அசையவில்லை.

1956 ஜூன் 14-ஆம் நாள் கோவனும் ரெயின்ஸும் பௌலிக்குத் தந்தி கொடுத்தனர். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் தாம் கற்பனையில் மட்டும் கண்ட துகள் உண்மையிலேயே உண்டு என்ற செய்தியை அப்பொழுது ஜெனீவாவில் இருந்த பௌலி பெற்றார். நடந்துகொண்டிருந்த கூட்டத்தை நிறுத்தி அதனைப் படித்துக் காட்டினார் என்பர். ஜூலைத் திங்கள் 20-ஆம் நாள் சயன்ஸ் இதழில் கட்டுரை வெளிவந்தது.

அத்தந்தியில் ஓர் எண்ணும் இருந்தது. நியூட்ரினோவின் பார்வையில் ஒரு புரோட்டான் எவ்வளவு பெரிய இலக்கு என்பதைக் குறிக்கும் பரப்பு அது. விஞ்ஞானிகள் குறுக்குவெட்டு என்பர். தசமப் புள்ளிக்குப்பின் 43 சைபர்கள் இட்டு, அதன்பின் 6 என்று எழுதினால், அத்தனை சதுர சென்டிமீட்டர். அன்றைய கொள்கை எதிர்பார்த்த எண்ணும் கிட்டத்தட்ட அதுவே. அனைவரும் மகிழ்ந்தனர்.

மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. 1957-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், சீனாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய சியன்-ஷியுங் வூ அம்மையார், பீட்டாச் சிதைவில் இயற்கை இடமும் வலமும் ஒன்றெனக் கருதுவதில்லை என்று சோதனையால் காட்டினார். அதன் விளைவாக நியூட்ரினோவைப் பற்றிய கொள்கை திருத்தப்பட்டது. எதிர்பார்க்க வேண்டிய குறுக்குவெட்டு இரு மடங்காயிற்று. அப்படியானால் சவானா ரிவரில் அளந்த எண் என்னாவது?

யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரத்தில், சீடர்கள் வலை இழுத்து 153 மீன்களை எண்ணியதைப் படித்திருக்கிறோம். வலை கிழியவில்லை என்றும் அங்கே காண்கிறோம். விஞ்ஞானியின் வலை அத்தகையதன்று. அதில் எத்தனை மீன் அகப்பட்டது என்பதோடு, எத்தனை நழுவிப் போயிற்று என்பதும் தெரிந்தால்தான் கடலில் உள்ளதைக் கணக்கிட முடியும். கோவனும் ரெயின்ஸும் தம் கருவியைத் திருத்தி மீண்டும் அளந்தனர். கருவி எத்தனை நியூட்ரான்களைத் தவறவிடுகிறது என்பதையும் புதிதாய் ஆராய்ந்தனர். முதலில் கருவியின் பிடிக்கும் திறனை மிகையாக மதிப்பிட்டிருந்தனர் என்று தெரிந்தது. நழுவியவற்றைக் குறைத்து மதித்ததால் குறுக்குவெட்டும் குறைந்து காட்டியது. பழைய கொள்கையோடு அது பொருந்தி நின்றதனால் ஐயம் எழவில்லை. 1959-இல் இருவர் பெயரிலும் வெளிவந்த புதிய மதிப்பு முன்னையதைவிட ஏறக்குறைய இரு மடங்கு. நியூட்ரினோ உண்டு என்ற முடிவுக்கு இதனால் ஒரு குறையும் நேரவில்லை. ஆனால் உண்டு என்று காண்பது வேறு. எவ்வளவு என்று அளப்பது வேறு. தம் எண்ணைத் தாமே திருத்தி அச்சிட்டதை, கண்டுபிடிப்புக்கு ஒப்பான செயலாகவே நாம் மதிக்கிறோம்.

இதற்குள் கோவன் லாஸ் அலமோஸை விட்டு நீங்கியிருந்தார். 1957-இல் தலைநகர் வாஷிங்டனில் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக் கழகத்தில் பேராசிரியரானார். அடுத்த ஆண்டே அந்நகரிலுள்ள அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக் கழகத்துக்கு வந்து சேர்ந்தார். அமெரிக்க ஆயர்கள் 1887-இல் நிறுவிய கலைக்கூடம் அது. வாழ்நாளின் இறுதிவரை அங்கேயே கற்பித்தும் ஆராய்ந்தும் வந்தார். தம் சோதனை நடந்த விதத்தைப் பொதுமக்களும் படிக்கும்படி 1964-இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் விரிவாக எழுதினார். 1908-இல் சைபீரியாவின் துங்குஸ்காக் காட்டில் விண்ணிலிருந்து விழுந்து வெடித்தது எதிர்ப்பொருளாய் இருக்குமோ என்று ஆராய்ந்து, அத்லூரி, லிப்பி என்னும் இருவரோடு 1965-இல் ஒரு கட்டுரையும் வெளியிட்டார். அக்கருத்து நிலைபெறவில்லை. ஆனால் மரங்களின் வளையங்களில் உள்ள கதிரியக்கக் கரியை அளந்து அதற்கு விடை தேடிய முறையில், பழைய கோவனையே காண்கிறோம்.

1974 மே 24-ஆம் நாள் மாரடைப்பால் அவர் இறந்தார். வயது 54. ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

1987 பிப்ரவரி 23-ஆம் நாள், நம் விண்மீன் கூட்டத்துக்கு அப்பால் வெடித்த ஒரு விண்மீனிலிருந்து வந்த நியூட்ரினோக்களை ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இருந்த பெரிய நீர்த்தொட்டிகள் உணர்ந்தன. அவற்றுள் பெரும்பாலானவை, சவானா ரிவரில் நிகழ்ந்தது போலவே, புரோட்டானில் மோதிப் பாசிட்ரானைப் பிறப்பித்தவை. 1995 டிசம்பரில் ரெயின்ஸ் தம் 77-ஆம் வயதில் நோபெல் பரிசில் பாதியைப் பெற்றார். மறு பாதி டௌ லெப்டானைக் கண்ட மார்ட்டின் பெர்லுக்குச் சென்றது. 2025-இல் சீனாவின் ஜியாங்மென் நகரருகே 20,000 டன் மினுக்குத் திரவத்தோடு ஓர் ஆய்வுக்கூடம் நிலத்தடியில் பணி தொடங்கியது. அருகிலுள்ள அணு உலைகளின் நியூட்ரினோக்களை அங்கு எண்ணுகிறார்கள். அங்கும் முதல் மினுக்கு பாசிட்ரானுடையது. சற்றுப் பின்னர் வரும் இரண்டாவது மினுக்கு நியூட்ரானுடையது.